தென்றலுக்குப் போட்ட தேதி

அத்தியாயம் 14

போன வாரம் சேரப்பணஞ்சேரி பரசுராமன் வீட்டில், வம்சாவளி வேலை ஒரு வழியாக முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் படுக்கப் போன சிவசங்கரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவன் நிம்மதியாகத் தூங்கிய கடைசி ராத்திரி அதுதான்.

புதிதாகக் கதைக்குள் வருபவர்களுக்கு நாலு வார்த்தை. தொழிற்பேட்டை வந்தபோது பரசுராமனின் நிலம் போனது. நிலத்தோடு பங்காளிகளும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். சிதறிக் கிடப்பவர்களைச் சேர்த்து வைக்க இப்போது குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம் வந்திருக்கிறது. கோயில் சுவரில் வம்சாவளியைப் பளிங்கில் பொறிக்க வேண்டும் என்று பரசுராமன் ஒற்றைக் காலில் நின்றார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் மகன் சிவசங்கர் தலையில் அது விழுந்தது.

முதலில் எக்செல்லில் கட்டம் போட்டான். நம் குடும்பங்கள் கட்டத்துக்குள் அடங்குமா? அத்தை மகளைக் கட்டியவர், அக்கா மகளைக் கட்டியவர் என்று ஒரே ஆள் ஓரிடத்தில் மருமகனாகவும் இன்னோர் இடத்தில் தம்பியாகவும் வந்து நின்றார். கோட்டுக்கு மேல் கோடு விழுந்து, பூனை உருட்டிய நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து, வம்சாவளிக்கென்றே இருக்கும் ஒரு சாஃப்ட்வேரை லேப்டாப்பில் இறக்கினான். அது உறவுமுறைச் சிக்கலையெல்லாம் அழகாகப் பிரித்தது. ஆனால் அவன் லேப்டாப்பைத் திறந்தால்தான் யாரும் பார்க்க முடியும். பரசுராமன் சீறினார்.

"உன் பொட்டிக்குள்ள பூட்டி வெக்கவா சொன்னேன்? பெங்களூருல கீற உன் பெரியப்பன் புள்ள, அவன் வூட்டுப் பேர அவனே போட்டுக்கணும்டா."

ஆகவே மூன்றாவதாக இணையத்தில் இயங்கும் ஒன்றைத் தேடினான். அவரவர் போனிலிருந்தே பேர் சேர்க்கலாம், படம் போடலாம். ஏதோ மெஷின் மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழும் உண்டு. சிவசங்கர் குவாலிட்டிக்காரன் அல்லவா? யாரும் படிக்காத விதிமுறைகளை உட்கார்ந்து படித்தான். "உயிருள்ள நபர்களின் விவரங்கள், பதிவு செய்தவரைத் தவிர வேறு எவருக்கும் காட்டப்படாது" என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தான்.

ஏனென்றால் அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள்.

தென்றல். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த வேல்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். வேறு சாதி. போன மறுநாளே பரசுராமன் ஊரைக் கூட்டி மோட்டார் கொட்டகையில் தலை முழுகினார். அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த அத்தை மகன் தமிழ்வாணன், வேல்ராஜின் பழைய ரூமை அடித்து நொறுக்கினான். தூத்துக்குடி வரை போய்த் தேடினான். கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று டீக்கடையில் வாய்விட்டே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவர்கள் இருந்ததோ பக்கத்தில், வல்லக்கோட்டையில். வெளியூர்ப் பிள்ளைகள் தங்கும் வரிசை வீடுகளுக்குள் உள்ளூர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதுதான் அவளுக்குக் காவலாக இருந்தது. விஷயம் சிவசங்கர் ஒருவனுக்கே தெரியும். குழந்தை கவியாவுக்கு முருகன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டுமே! அவன்தான் போய் உட்கார்ந்தான். அன்றைக்கு எடுத்த ஒரே ஒரு படத்தை, போனில் இருந்தால் எவனாவது தள்ளிப் பார்த்துவிடுவான் என்று, குடும்ப மரத்தில் தென்றல் பேருக்குக் கீழே ஏற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிட்டான். உயிருள்ள நபர்தானே, யார் கண்ணிலும் படாது.

இனி இன்றைய கதை.

* * *

காலையில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனைப் பரசுராமன் கூப்பிட்டார். "கல்லு வெட்றவன் மதியம் வர்றான். ஒரு தபா எல்லாத்தையும் காட்டு."

சிவசங்கர் லேப்டாப்பைத் திறந்து வைத்தான். அவனுடைய கணக்கில் திறந்ததால் உயிருள்ளவர்களும் தெரிவார்கள் என்பதை அவசரத்தில் மறந்தான். பரசுராமன் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மனைவி கங்காவின் கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கங்கா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. அவள் படத்துக்குக் கீழே பெங்களூர்ப் பங்காளி, "சித்தி முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு" என்று எழுதியிருந்தான். பரசுராமன் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு அவர் விரல் ஒரு கட்டம் கீழே இறங்கியது.

"இது இன்னாடா?"

சிவசங்கர் மெல்லச் சொன்னான்.

"தென்றல்பா."

"எனக்கு ஒரே புள்ள."

"அப்பா, வம்சாவளின்னா பொறந்தவங்க எல்லாரும்…"

"அழிடா."

நல்ல வேளை, கட்டத்தைத் திறந்து உள்ளே பார்க்க அவருக்குத் தெரியாது. அழித்தால் கவியாவின் பேரும் போகும், படமும் போகும். உலகத்தில் அந்தப் படத்துக்கு வேறு பிரதி கிடையாது.

"அழிச்சா அம்மா பேரும் சேந்து போயிடும்பா" என்று ஒரு பொய்யைச் சொன்னான் சிவசங்கர்.

பரசுராமன் யோசித்தார். முகம் இறுகியது.

"அப்டின்னா செத்துட்டான்னு போடு. நான் அன்னிக்கு தல முழுகுனது பொய்யா? ஊரே பாத்துகினு இருந்துச்சு. உங்கம்மாவுக்குப் போட்டுகீறியே, அதே மாதிரி போடு."

"அப்பா…"

"போடுறியா, இல்ல இந்தப் பொட்டியத் தூக்கிக் கெணத்துல போடவா?"

ஒரு டிக்தானே, அப்புறமாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான் சிவசங்கர். அப்புறமாக மாற்றிக்கொள்ளலாம் என்று நம் ஊரில் செய்யப்பட்ட காரியங்களை எழுதப் புகுந்தால் இந்தப் பத்திரிகை போதாது. 'மறைந்த நபர்' என்பதை அழுத்தினான். தேதி கேட்டது.

"தல முழுகுன அன்னிக்கு, ஆனி பத்து. வெள்ளிக்கிழம" என்றார் பரசுராமன், கொஞ்சமும் யோசிக்காமல். மகனின் பிறந்தநாள்கூட நினைவில் நிற்காத மனிதர்.

தென்றலின் கட்டம் அம்மாவின் கட்டத்தைப் போலவே சாம்பல் நிறத்துக்கு மாறியது. பரசுராமன் எழுந்து போய்விட்டார்.

சிவசங்கர் லேப்டாப்பை மூடிவிட்டு ஷிப்டுக்கு ஓடினான்.

* * *

அவன் கம்பெனியில் அவனைப் போல லைனில் நிற்பவர்கள் போனைக் கேட்டில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆபீஸ் ஸ்டாஃபுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பங்காளி ஏகாம்பரம் ஸ்டோர்ஸில் ஸ்டாஃப். டீ பிரேக் முடிந்து சிவசங்கர் அளவு பார்க்கும் கேஜை எடுத்துப் பீஸைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவர் லைனுக்கே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இன்னாடா சங்கரு, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இந்த நேரத்துல வேலைக்கு வந்துகீறியே! எப்ப எடுக்குறீங்க?"

"யார சித்தப்பா?"

"நம்ம தென்றல…"

சிவசங்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏகாம்பரம் போனை நீட்டினார். திரையில் ஓர் அறிவிப்பு இருந்தது. "உங்கள் குடும்ப மரத்தில் ஒரு மறைவு சேர்க்கப்பட்டுள்ளது. தென்றல். நினைவுகளைக் காண இங்கே தொடவும்."

ஏகாம்பரம் ஏற்கெனவே தொட்டிருந்தார். வல்லக்கோட்டைக் கோபுரம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கவியா. அவளை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் சிவசங்கர். பக்கத்தில் வேல்ராஜும் தென்றலும். கீழே கணவன் பேர், குழந்தை பேர், வசிக்கும் இடம் எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாம் அவனே ஆசை ஆசையாக ஏற்றி வைத்தவை.

"இந்தக் கொழந்த யாரு சங்கரு? உன் மடி மேல கீது."

அப்போதுதான் சிவசங்கருக்கு உறைத்தது. அம்மா படத்தைப் பெங்களூர்க்காரன் எப்படிப் பார்த்தான்? அம்மா இறந்தவள். உயிருள்ளவர்களைத்தான் அது மூடி வைக்கும். இறந்தவர்களை ஊருக்கே திறந்து காட்டும். படித்த விதியில் பாதியை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு, மீதியை அவன் யோசிக்கவே இல்லை. அடப் பாவி, எத்தனை நுணுக்கமாகப் பீஸைச் சோதிக்கிறவன்!

"சித்தப்பா, இது யார் யாருக்குப் போயிருக்கும்?"

"எல்லாருக்குந்தான்டா. நீதான பங்காளி, சம்பந்தி ஒருத்தர் விடாம சேத்த?"

தமிழ்வாணனையும் சேர்த்திருந்தான். அத்தை வீட்டுப் பேர்களை முதலில் போட்டுக் கொடுத்தது அவன்தான் என்று நன்றி வேறு சொல்லியிருந்தான்.

கேஜ் கையிலிருந்து விழுந்தது. சூப்பர்வைசர் வனமாமலை ஓடி வந்தார். திருநெல்வேலிக்காரர், கோபக்காரர். ஏகாம்பரம் அவர் காதில் சாவுச் செய்தியைச் சொன்னதும் குரல் தணிந்தது.

"தங்கச்சியாடே? துட்டி வீட்டுக்குப் போறவன நிறுத்தி வைப்பேனா நான்? போ, கேட் பாஸ நான் பாத்துக்கிடுதேன்."

இல்லை சார், அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தான் சிவசங்கர். அதற்கு நேரமில்லை. ஓடினான்.

லாக்கரிலிருந்து எடுத்த போனில் அப்பாவின் மிஸ்டு கால்கள் இருந்தன. தென்றலின் மிஸ்டு கால்களும் இருந்தன. வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். படத்துக்குக் கீழே தமிழ்வாணன் எழுதியிருந்தான்: "வல்லக்கோட்டையா மச்சான்? சொல்லவே இல்லியே."

தென்றலுக்குப் போட்டான். சுவிட்ச் ஆஃப். அந்தப் படத்தை எடுப்பதா, வண்டியை எடுப்பதா? வண்டியை எடுத்தான்.

* * *

புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போகும் நீள லாரிகளுக்கு நடுவே அவன் எப்படிப் புகுந்து போனான் என்று அவனுக்கே தெரியாது. வல்லக்கோட்டையில் கோயிலைத் தாண்டி, வரிசை வீடுகளின் சந்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். தென்றல் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

பக்கத்து ரூம் வாசலில் கவியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாரிசெல்வி நின்றிருந்தாள். வேல்ராஜின் ஊர்ப்பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகம். அவனைப் பார்த்ததும் கேட்டாள்.

"என்னண்ணே, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போவலியா? வேல்ராஜ் அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"எந்த ஆஸ்பத்திரி?"

"கம்பெனில அடிபட்டுட்டுன்னு கார் அனுப்பிருந்தீயல்லா."

"நான் யாரையும் அனுப்பல."

மாரிசெல்வி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஆள் வந்தாம்ணே. தென்றல் மொதல்ல கதவையே தொறக்கல. ஒங்களுக்குப் போன் போட்டுப் பாத்தா, நீங்க எடுக்கல. வேல்ராஜ் அண்ணனும் எடுக்கல. பொறவு அந்த ஆளு சன்னல் வழியா போன காட்டுனான். காது குத்துனப்போ எடுத்த படம். 'ஒங்க அண்ணன் சிவசங்கர்தான் இத காட்டச் சொன்னாரு'ன்னான்."

"அதப் பாத்துட்டு…"

"அந்தப் படம் அண்ணன்ட்ட மட்டுந்தான் இருக்குன்னு சொல்லிட்டு, அழுதுக்கிட்டே கதவ தொறந்துட்டா. ஆஸ்பத்திரிக்குப் பச்சப் பிள்ளையக் கொண்டு போவாண்டாம்னு நாந்தான் இவள வாங்கி வச்சுக்கிட்டேன்."

யாரை நம்பியும் கதவைத் திறக்காதே என்று தங்கைக்குச் சிவசங்கர்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவள் நம்பியது அவனைத்தான்.

"கார் எந்தப் பக்கம் போச்சு?"

"வெள்ளக் கார். ஸ்ரீபெரும்புதூர் பக்கமா திரும்பிச்சு. வேல்ராஜ் அண்ணன் கம்பெனி ஒரகடத்துலல்லா இருக்குன்னு அப்பவே நெனச்சேன். நெனச்சு என்ன செய்ய, போயிட்டாவளே!"

வேல்ராஜ் வேலை செய்யும் கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டான். செக்யூரிட்டி உள்ளே கேட்டுவிட்டு வந்து சொன்னார். வேல்ராஜ் லைனில் நன்றாகத்தான் இருக்கிறான், அடியும் இல்லை, காயமும் இல்லை. "உடனே வெளியே அனுப்புங்க சார், அவன் சம்சாரத்தத் தூக்கிட்டாங்க" என்று கத்தினான் சிவசங்கர். சந்தில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன.

அடுத்தது போலீஸ். கேட்டவர் பொறுமையாகத்தான் கேட்டார். பேர், வயசு, யார் மேல் சந்தேகம். தமிழ்வாணன் பேரைச் சொன்னான். சொந்த அத்தை மகன் பேரைச் சொல்லும்போது நாக்குக் குழறவில்லை. "அந்தப் பொண்ணு போட்டோ ஒண்ணு இந்த நம்பருக்கு அனுப்புப்பா, செக்போஸ்டுக்கெல்லாம் தரணும்" என்றார் அவர்.

போட்டோ!

அவனிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அது இருந்ததும் ஒரே இடம். மரத்தைத் திறந்து, படத்தை இறக்கி, போலீஸுக்கு அனுப்பினான். தென்றலின் கட்டத்துக்குக் கீழே அதற்குள் பூக்கள் குவிந்திருந்தன. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று பங்காளிகள் வரிசையாக எழுதியிருந்தார்கள். வீட்டை விட்டுப் போனவளை ஒரு நாள் விசாரித்ததில்லை அவர்கள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'திருத்து' என்பதை அழுத்தி, 'உயிருள்ள நபர்' என்று மாற்றப் போனான். ஒரு பெட்டி திறந்தது.

"இந்த நபர் மறைந்தவராகப் பதிவு செய்யப்பட்டுள்ளார். இவர் உயிருடன் இருப்பதற்கான ஆதாரத்தைக் குறிப்பிடவும்."

சிவசங்கர் அதைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். மாமனைக் கண்ட கவியா மாரிசெல்வியிடமிருந்து தாவி அவன் மடியில் ஏறிக்கொண்டாள். காதில் அன்றைக்குக் குத்திய தோடு. போன் அடித்தது. அப்பா.

"சங்கரு." பரசுராமனின் குரலே மாறியிருந்தது. "தமிழ் வந்துட்டுப் போனான்டா. காலைலயே வந்தான். ஃபோட்டோவ காட்னான். 'நீ அன்னிக்குத் தண்ணி ஊத்துன மாமா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்'னான். உன்மேல இருந்த ஆத்திரத்துல நானு சும்மா இருந்துட்டேன். அப்பறமாதான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் வெளங்குச்சு. உனக்குப் போட்டுகினே கீறேன், நீ எடுக்கல. அந்தப் பொண்ணு எங்கடா?"

"காணோம்பா. கார்ல தூக்கினு போயிட்டாங்க."

அந்த மனிதர், ஊர் நடுவே ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் தலை முழுகியவர், வாய்விட்டு அழுதார்.

"அந்தத் தேதிய எடுத்துடுடா. என் கண்ணு இல்ல, எடுத்துடுடா."

"எடுக்க வுட மாட்டேங்குதுப்பா. ஆதாரம் கேக்குது."

"இன்னாத்துக்கு?"

"தென்றல் உசுரோட கீதுன்றதுக்கு."

கவியா திரையில் இருந்த படத்தைக் கண்டுகொண்டு, அம்மா முகத்தைத் தட்டினாள்.

"நான் சொல்றேன்னு போடு" என்றார் பரசுராமன். "அப்பன் சொல்றான், என் பொண்ணு உசுரோட கீறான்னு போடுடா."

சிவசங்கர் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பெட்டிக்குள் அப்படியே எழுதி அழுத்தினான். "தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. பரிசீலனைக்குச் சில வாரங்கள் ஆகலாம்" என்று வந்தது.

இத்தனை நேரமும் தென்றலின் எண்ணுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்த மாரிசெல்வி சட்டென்று கையை உயர்த்தினாள்.

"அண்ணே, இப்ப ரிங் போவுது."

சந்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மாரிசெல்வி ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"தென்றலு?" என்றாள் மாரிசெல்வி.

பதில் இல்லை. எங்கோ ரோட்டில் லாரிகள் போகும் ஓசை மட்டும் கேட்டது. எடுத்தவர் போனை வைக்கவும் இல்லை.